தலைக்கு மேலே புகைக்குண்டு

2024 பிப்ரவரி 13 அன்று பஞ்சாப்-ஹரியானா எல்லையிலுள்ள ஷம்புவில், டெல்லி நோக்கிக் கிளம்பிய விவசாயிகள் மீது ஹரியானா போலீஸ் ட்ரோன்களிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகளைப் போட்டது. விவசாயிகள் பட்டம் விட்டு, அதன் நூலில் ட்ரோன்களைச் சிக்கவைக்கப் பார்த்தார்கள். தொலைக்காட்சிகளில் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது; குண்டுகள் பஞ்சாப் எல்லைக்குள் விழுந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. எங்கள் பகுதிக்குள் ட்ரோன் அனுப்பாதீர்கள் என்று பஞ்சாபின் பாட்டியாலா மாவட்ட நிர்வாகம் ஹரியானாவின் அம்பாலா மாவட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. பொது ஒழுங்கும் காவல்துறையும் அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு. லத்தியுடன் ஒரு படை பக்கத்து மாநிலத்துக்குள் நுழைந்து கூட்டத்தைக் கலைத்திருந்தால் அன்றே பெரும் சர்ச்சை வெடித்திருக்கும். ட்ரோன் தாண்டியபோது அது கடிதப் போக்குவரத்தாகச் சுருங்கிவிட்டது.

ஆயுதம் ஏந்திய ட்ரோனை நான் எதிர்ப்பதற்கான காரணமும் இதுதான்: பலப்பிரயோகத்துக்கு இருக்கும் தடைகளை அது ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகிறது. அப்போது அமலில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, கலைந்து போகச் சொல்லி முதலில் உத்தரவிட வேண்டும் என்றது. உத்தரவிடும் அதிகாரி கூட்டத்தின் முன் நிற்பார், அவர் குரல் கேட்கும், முகம் தெரியும் என்பதெல்லாம் 1973-இல் சொல்லாமலே விளங்கியவை. ட்ரோனை இயக்குபவருக்குத் தெரிவது திரை மட்டும். கூட்டம் வெளியேற வழி இருக்கிறதா, மூச்சிரைக்கும் முதியவர் எங்கே நிற்கிறார் என்பதை உச்சியிலிருந்து பார்த்து உறுதி செய்ய முடியாது. புகைக்குண்டைத் தலையையோ முகத்தையோ நோக்கிச் சுடக் கூடாது, அடிபட்டே உயிர் போகலாம் என்று ஐ.நா. 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. நேர் மேலிருந்து விழும் குண்டு வேறு எங்கே விழும்?

துப்பாக்கிச் சூட்டைவிட இது மேல் அல்லவா என்று கேட்பார்கள். ட்ரோன் வந்ததால் துப்பாக்கி விலகியிருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ஷம்புவில் கான்கிரீட் தடுப்பு, தண்ணீர் பீய்ச்சல், தரையிலிருந்து சுடும் புகைக்குண்டு எல்லாம் இருந்தன. ட்ரோன் அவற்றோடு சேர்ந்தது. எட்டு நாள் கழித்து, அதே போராட்டத்தில், கனௌரி எல்லையில் ஓர் இளம் விவசாயி தலையில் காயம்பட்டு இறந்தார். உயர்நீதிமன்றம் நீதி விசாரணைக்கு உத்தரவிட்டது.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் 2015-இல் நடந்ததையும் பார்க்கலாம். போலீஸ் ட்ரோனில் எந்த ஆயுதமும் கூடாது என்றுதான் மசோதா வந்தது. காவலர் சங்கத் தரப்பு கேட்டுக்கொண்ட திருத்தத்தால், உயிர்கொல்லி ஆயுதத்துக்கு மட்டுமே தடை என்று அது சுருங்கியது. குற்றப் புலனாய்வுக்காக ட்ரோனில் வேவு பார்க்க நீதிமன்ற வாரண்ட் கேட்கும் அதே சட்டம், புகைக்குண்டுக்கும் மின்னதிர்ச்சிக்கும் வாசலைத் திறந்து வைத்தது.

இதற்கு முன்மாதிரியாக அமெரிக்காவின் டல்லஸ் நகரைக் காட்டுவார்கள்: அங்கே 2016-இல் ஐந்து காவலர்களைக் கொன்றவனை, வெடிமருந்து ஏந்திய ரோபோவை அனுப்பிக் கொன்றார்கள். காவலர் உயிரும் உயிர்தான். அந்த இரவின் நெருக்கடியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது ஆயுதத்தோடு பதுங்கிய ஒருவனைப் பற்றியது. கோரிக்கையோடு சாலையில் நிற்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அதை முன்மாதிரியாக்க முடியாது. ஒவ்வொரு குண்டும் யார் உத்தரவில், எந்த உயரத்திலிருந்து, எங்கே போடப்பட்டது என்ற பதிவை நீதிமன்றத்தில் வைக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும். அது வரும்வரை போலீஸ் ட்ரோனில் புகைக்குண்டு ஏற்றுவதை மாநிலங்கள் நிறுத்தி வைக்க வேண்டும்.