பள்ளிக் கட்டணத்தை அரசே பெற்றோர் கணக்கில் போட்டால்? அமெரிக்காவின் 'ஈ.எஸ்.ஏ' திட்டம் சொல்லும் பாடம்

டாலஸிலோ ஹூஸ்டனிலோ குடும்பத்தோடு செட்டில் ஆன காலேஜ் நண்பர் உங்களுக்கு இருந்தால், 'ஈ.எஸ்.ஏ' பற்றிக் கேட்டுப் பாருங்கள். டெக்சாஸ் மாநிலம் 2025இல் சட்டம் போட்டு, 100 கோடி டாலர் ஒதுக்கி, 2026-27 கல்வியாண்டிலிருந்து நடைமுறைப்படுத்தும் திட்டம் இது.

அப்படியென்றால் என்ன?

எஜுகேஷன் சேவிங்ஸ் அக்கவுன்ட், அதாவது கல்விச் சேமிப்புக் கணக்கு. பெயரில் 'சேமிப்பு' இருந்தாலும், செல்வமகள் திட்டம் மாதிரி நாம் பணம் கட்டிச் சேர்ப்பது அல்ல. பிள்ளையின் படிப்புக்கான அரசுப் பணம் பெற்றோர் பயன்படுத்தும் கணக்குக்கு வரும். தனியார் பள்ளிக் கட்டணம், டியூஷன், பாடப்புத்தகம், தெரபி என அனுமதிக்கப்பட்ட செலவுகளுக்கு மட்டும் எடுக்கலாம். பதிலுக்கு, பிள்ளை அரசுப் பள்ளியில் முழுநேரமாகப் படிக்க முடியாது.

எங்கே தொடங்கியது?

அரிசோனாவில், 2011இல். முதலில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மட்டும்தான். இதைப் பெரிதாக விரிவாக்கும் யோசனையை 2018 பொது வாக்கெடுப்பில் சுமார் 65% பேர் நிராகரித்தார்கள். ஆனாலும் 2022இல் சட்டமன்றம் எல்லா மாணவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. அதற்கு முன் சுமார் 12,000 மாணவர்கள் இருந்தார்கள்; 2024 முடிவதற்குள் எண்ணிக்கை 75,000ஐத் தாண்டியது.

யாருக்கு லாபம்?

ஆதரவாளர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வீட்டு முகவரியை வைத்துப் பள்ளி ஒதுக்கும் நாட்டில், மோசமான பள்ளியில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு வேறு வழி வேண்டாமா?

ஆனால் ஒரு கணக்கு போடுவோம். அரிசோனாவில் சாதாரணமாக ஒரு மாணவருக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 7,000 டாலர். பள்ளிக் கட்டணம் 12,000 என்று வைத்துக்கொண்டால், மீதி 5,000 உங்கள் பாக்கெட்டிலிருந்து போக வேண்டும். வசதியுள்ள வீட்டுக்கு இது டிஸ்கவுன்ட். இல்லாத வீட்டுக்கு எட்டாக்கனி. 2022 விரிவாக்கத்தின்போது முதலில் விண்ணப்பித்தவர்களில் சுமார் 75% பேர், அதற்கு முன் அரசுப் பள்ளியில் படித்த பதிவே இல்லாதவர்கள்.

அதைவிட முக்கியமான விஷயம்: தனியார் பள்ளி உங்கள் பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மாற்றுத்திறனாளி மாணவர் இந்தக் கணக்குக்கு மாறினால், அரசுப் பள்ளியில் சட்டப்படி இருந்த சிறப்புக் கல்வி உரிமைகள் பலவும் கூடவே வராது.

நம்ம ஊரில் எப்படி?

நம்மிடம் இருப்பது கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 12(1)(சி). சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25% இடங்களை நலிவடைந்த, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். பணம் பெற்றோர் கைக்கு வராது. அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல்தான். பள்ளி தனக்குப் பிடித்த பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்க முடியாது.

இதிலும் ஓட்டை உண்டு. மத்திய, மாநில அரசுகளின் நிதி இழுபறியில், 2025இல் தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. உரிமை காகிதத்தில் இருந்தது, பணம்தான் வரவில்லை.

நாளைக்கு இங்கேயும் யாராவது 'பள்ளிக் கட்டணத்தை நேரடியாக உங்கள் கணக்கில் போடுகிறோம்' என்று வாக்குறுதி தரலாம். அப்போது இரண்டே கேள்வி கேளுங்கள். அந்தத் தொகை முழுக் கட்டணத்துக்கும் போதுமா? உங்கள் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன் என்று பள்ளி சொல்ல முடியுமா? முதல் கேள்விக்கு 'போதாது', இரண்டாவதுக்கு 'முடியும்' என்று பதில் வந்தால், தேர்ந்தெடுக்கப் போவது நீங்கள் அல்ல, பள்ளிதான்.