பாலிஷ் வேண்டாத பழுப்பு

வேலூர் லாங் பஜாரில் நாட்டு மருந்துச் சரக்கு விற்கிற கடைகளில் கடுக்காய், காசுக்கட்டி, வேங்கை மரக் குவளை மூன்றும் கிடைக்கும். முதலாவது வயிற்றுக்கு, இரண்டாவது வெற்றிலைக்கு, மூன்றாவது சர்க்கரைக்காரர்களுக்கு என்று கடைக்காரர் பிரித்துச் சொல்வார். கரும்பழுப்பு மரத்தில் ஒரு பெட்டியோ முக்காலியோ செய்ய நினைப்பவர், மரக்கடைக்குப் போகும் முன் இந்த மூன்றையும் வாங்கிப் பார்ப்பது நல்லது. வேங்கைக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்திருக்கும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் இளநீலம் மினுங்கும். குவளைக்கு யாரும் சாயம் போடவில்லை. மரம் தனக்குள் வைத்திருந்த நிறம்தான் தண்ணீரில் இறங்குகிறது. காசுக்கட்டியோ இன்னும் ஒரு படி மேலே. கருங்காலியின் வைரத்தை, அதாவது நடுமரத்தை, சிராய்களாக்கிக் கொதிக்கவைத்து, அந்தக் கஷாயத்தைச் சுண்டக் காய்ச்சினால் கட்டியாக மிஞ்சுவது அது.

எந்த மரமும் பிறக்கும்போது பழுப்பாக இருப்பதில்லை. இளமரத்தின் தண்டு முழுக்க வெள்ளைதான். வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது அந்த வெள்ளைப் பகுதி. தண்டு பருக்கப் பருக்க, நடுவிலுள்ள குழாய்களுக்கு வேலை குறைகிறது. அங்கே மிச்சமிருக்கும் உயிருள்ள செல்கள் சாவதற்கு முன், தாங்கள் சேமித்திருந்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் டானின் என்ற துவர்ப்புச் சத்தாகவும் வேறு பாலிபீனால்களாகவும் மாற்றிவிடுகின்றன. அந்தச் சரக்கு பக்கத்துச் செல்சுவர்களில் ஊறிப் படிகிறது. பல மரங்களில் குழாய்களும் அடைபட்டுப்போகும். இதைத்தான் ஆசாரிகள் வைரம் பாய்ந்த மரம் என்கிறார்கள். பூஞ்சைக்கும் கரையானுக்கும் அது விஷம். பூஞ்சை மரத்தைச் செரிக்கச் சுரக்கும் நொதிகள் புரதங்கள். டானின் அவற்றைப் பிடித்து முடக்கிவிடும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் பழுப்பு, மரத்துக்குத் தற்காப்பு.

இங்கேதான் வேலூர் மாவட்டக்காரருக்குப் பழகிய வாசனை அடிக்கத் தொடங்குகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதியில் வளர்ந்த தோல் பதனிடும் டேனரிகள் முதலில் நம்பியிருந்தது இதே டானினைத்தான். பச்சைத் தோல் அழுகக் காரணம் அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம் கிருமிகளுக்குத் தீனியாவது. பட்டைச் சாற்றில் ஊறவைத்தால் டானின் அந்தப் புரத இழைகளைப் பிணைத்துவிடும், பிறகு அழுகாது. கான்பூர் பக்கம் இதற்குக் கருவேலம் பட்டை. சென்னை மாகாணத்தில் ஆவாரம் பட்டை. அதில் ஏறக்குறைய 18 சதவீதம் டானின். அப்படிப் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. மரத்துக்குள் பூஞ்சையின் நொதியைப் பிடிக்கிற கை, தொட்டிக்குள் ஆட்டுத் தோலைப் பிடிக்கிறது. இப்போது பெரும்பாலும் குரோமியம் உப்புதான். அதில் ஊறிய தோல் வெளிர்நீலமாக வரும். பழுப்பு வேண்டுமென்றால் தனியாகச் சாயம் ஏற்ற வேண்டும்.

ஆவாரம் பட்டைத் தோலில் ஒரு தொல்லை இருந்தது. வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அதனால் கடைசியில் கடுக்காய்ச் சாற்றிலும் ஒருமுறை போட்டு எடுப்பார்கள், சிவப்பது அடங்கும். மரத்துக்கும் இதே தலைவலி உண்டு, ஆனால் மரத்துக்கு மரம் திசை மாறும். காஷ்மீர் அக்ரோட்டு மரம் கரும்பழுப்பாக வந்து வருடங்கள் போகப் போக வெளுக்கும். ஈட்டியின் ஊதா சாயல் மங்கும். கருவேலமோ அறுத்த அன்று இளஞ்சிவப்பாக இருந்து, காற்றும் வெளிச்சமும் பட்டுக் கறுத்துக்கொண்டே போகும். கடையில் பார்த்த நிறத்தை நம்பி ஒரே அலமாரிக்கு இரண்டு வகை மரம் வாங்கினால், சில வருடத்தில் கதவு ஒரு நிறம், சட்டம் ஒரு நிறம்.

சரி, எதை வாங்குவது? பெயர் பெற்றது ஈட்டி; சில ஊர்களில் தோதகத்தி என்பார்கள். அழகில் அதற்கு இணை குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டிய அளவுக்கு வெட்டித் தீர்த்திருக்கிறோம். 2017 முதல் ஈட்டி அடங்கிய பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதன் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் தரும். பழைய வீடு இடிக்கும்போது ஒரு தூலம் கிடைத்தால் யோகம். புதிதாகத் தேட நான் சொல்லமாட்டேன்.

வாகை நடைமுறைக்கு ஒத்துவரும். சாலையோரத்தில் நிழலுக்கு வைத்த மரம்தான். உள்ளே கரும்பழுப்பு வரிகளோடு வைரம் இருக்கும். ஒருகாலத்தில் அந்தமானிலிருந்து ‘கோக்கோ’ என்ற பெயரில் லண்டனுக்குப் போனது இதுவே. இழைக்கும்போது வாய்க்கு முகமூடி கட்டாயம். தூள் மூக்கில் ஏறினால் அடுக்கடுக்காகத் தும்மல் வரும்.

கருங்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சில வருடங்களில் கருங்காலி மாலை போடாத கழுத்தே இல்லை என்னும்படி ஆகிவிட்டது. தண்ணீரில் போட்டு நிறம் இறங்கினால் அசல் என்று விற்கிறார்கள். காசுக்கட்டி மரத்தில் நிறம் இறங்கும் என்பது உண்மை. சாயம் தோய்த்த வேறு மணியிலும் இறங்கும் என்பதும் உண்மை. போதாததற்கு, நல்ல கறுப்பாக இருக்கும் இன்னொரு மரத்துக்கும் கருங்காலி என்றே பெயர். உறுதியாகத் தெரிய ஒரு மணியை இரண்டாகப் பிளக்க வேண்டும். நிறம் நடுவரை இருக்கிறதா என்று பார்ப்பதைவிட நல்ல சோதனை மரப் பலகைக்கும் கிடையாது. மரக்கடையில் பலகையின் வெட்டுமுனையில் இழைப்புளியால் இரண்டு சுருள் எடுக்கச் சொல்லுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் எண்ணெய் பூசிய பிறகு வரப்போகும் நிறம் அங்கேயே தெரியும்.

டானின் நிறைந்த மரத்துக்கு இரும்பு ஆகாது. கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதி என்ற இரும்பு உப்பை ஒரு சிட்டிகை போட்டுக் காற்றுப்பட வைத்தால் நீலக்கறுப்பாகிவிடும். அந்தக் காலத்து எழுது மை அதுதான். வேலூருக்கு வடகிழக்கே காளஹஸ்தியில் கலம்காரித் துணிக்குக் கறுப்புக் கோடு போடுவதும் இதே வித்தைதான்: துணியில் கடுக்காய், பேனாவில் வெல்லத்தோடு புளித்த இரும்புத் தண்ணீர். கருவேலப் பலகையில் இரும்பு ஆணி அடித்து மழையில் விட்டால் ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுவதும் அதனால்தான். பித்தளைத் திருகாணி போடுங்கள். முழுவதையும் கறுக்கவைக்க ஆசையானால், வினிகரில் இரும்பு நாரை ஊறவைத்து அந்தத் தண்ணீரைப் பூசினால் போதும். அதை முதலில் ஓரத்துண்டில் பூசிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் நான் எடுப்பது சீமைக்கருவேலம். 1877-இல் விறகுக்காக ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்துக் கடப்பையில் போட்டார்கள். இன்று பாலாற்றுப் படுகையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை வேரோடு பிடுங்க நீதிமன்றமே உத்தரவு போடுகிறது. பிடுங்கியது பெரும்பாலும் கரிமூட்டத்துக்குப் போகிறது. ஆனால் அதே குடும்பத்து மரத்தில் டெக்சாஸ்காரர்கள் மேசையும் தரையும் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். வைரம் செம்பழுப்பு, நாளாக ஆகக் கறுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். பொருத்திய மூட்டு பிறகு வாய் பிளக்காது. ஈட்டியை வெட்டினால் காட்டுக்கு நஷ்டம். இதை வெட்டினால் ஆற்றுக்கு லாபம்.

குறையும் உண்டு. தண்டு கோணல்மாணலாக வளரும். நீளமான பலகை கேட்டால் சா மில்லில் சிரிப்பார்கள். முள்ளும் கணுவும் அதிகம், ரம்பப் பல் சீக்கிரம் மழுங்கும். ஆனால் பெட்டி, முக்காலிக்கால், உளிப்பிடி, காய் நறுக்கும் பலகைக்கெல்லாம் தாராளமாகப் போதும். தண்டில் கையளவு வைரம் தெரிகிற துண்டாகப் பார்த்து எடுத்து, வெட்டுமுனைகளில் மெழுகு பூசி நிழலில் காயவைக்க வேண்டும். வெளி வெள்ளையை முழுக்கச் செதுக்கித் தள்ளிவிடுங்கள். துளைக்கும் பூச்சி வருவது அதற்குத்தான்.