வண்டிவீட்டின் வெடிப்பு

பிரித்தானியாவிலும் பிற ஐரோப்பிய நாடுகளிலும், படுக்கையும் சமையற்கட்டும் அமைந்த மோட்டார் வண்டிகளில் விடுமுறைப் பயணம் செல்வோர் பலர். இவ்வண்டிவீடுகளின் மூலைக் கவசங்களும் சக்கர வளைவுகளும் பம்பர்களும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. பாரம் குறைவு, துருப்பிடியாமை என்பன பிளாஸ்டிக்கின் சிறப்புகள். வெடிப்பது அதன் குறை.

சிறு வெடிப்புத்தானே என்று வாளாவிருத்தல் தகாது. பல வண்டிகளில் இக்கவசங்களின் பின்னே மரச்சட்டங்கள் உள்ளன. வெடிப்பின் வழியே கசியும் மழைநீர் அம்மரத்தை உக்கச் செய்யும். புறத்தே மயிரிழையாய்த் தோன்றுவது அகத்தே பெருங்கேடாய் முடியும். பழைய வண்டிகளுக்குப் புதிய உறுப்புக் கிடைப்பதும் அரிது. ஆதலால் உரிமையாளர் பலர் தம் கையாலேயே சீர்செய்ய முற்படுகின்றனர்.

முதற்கண் அறியவேண்டியது பொருளின் இனம். பின்புறத்தில் கண்ணாடி நார்கள் தெரியின், பிசினும் நார்ப்பாயும் கொண்டு ஒட்டலாம். ஏ.பி.எஸ். என்னும் முத்திரை இருப்பின் முறை வேறு. முத்திரை இல்லையெனில், மறைவான ஓரிடத்தில் ஒரு துளி அசற்றோன் இட்டுப் பார்த்தல் வேண்டும். ஏ.பி.எஸ். அதில் இளகிப் பசைபோலாகும். பாலிப்புரொப்பிலீன் இளகாது, அதனை வெப்பத்தால் உருக்கியே இணைத்தல் வேண்டும்.

ஏ.பி.எஸ். கவசத்தைச் சீர்செய்யும் முறை இது. வெடிப்பின் கூரிய முனையில் விசை முழுவதும் குவிவதாலேயே வெடிப்பு வளர்கின்றது. ஆகவே அம்முனையில் துறப்பணத்தால் 3 மில்லிமீற்றர் அளவான வட்டத் துளை இடுக. வட்டத்தில் விசை பரவுவதால் வெடிப்பு மேலும் ஓடாது. பின்னர் முன்புறத்தில் ஒட்டுநாடாவால் விளிம்புகளைச் சேர்த்து நிறுத்திப் பின்புறத்தை அரத்தாளால் சொரசொரப்பாக்குக. அதே இனப் பிளாஸ்டிக் துண்டுகளை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் அசற்றோனுடன் ஓரிரவு ஊறவிட்டால் தடித்த கூழ் கிடைக்கும். கண்ணாடி நார்வலையைப் பின்புறத்தில் வைத்து, அக்கூழை மெல்லிய படைகளாகப் பூசுக. ஒரு நாளேனும் உலர்ந்தபின், முன்புற வெடிப்பை வாய்க்கால்போல் அகழ்ந்து நிரப்புக. உலரும்போது கூழ் சுருங்குமாதலின் மீண்டும் நிரப்ப நேரும். முற்றாய் இறுகியதும் தேய்த்து வர்ணம் பூசலாம்.

அசற்றோனின் ஆவி எளிதில் தீப்பற்றும். திறந்த வெளியிலேயே வேலை செய்தல் வேண்டும். வண்டியின் வாயு அடுப்பையும், வாயுவால் இயங்கும் குளிர்ப்பெட்டியையும் அணைத்துவிடல் அவசியம். கையுறையும், தேய்க்கும்போது முகமூடியும் கண்ணாடியும் அணிதல் நன்று.

இத்தனையும் செய்தபின் அதேயிடம் மீண்டும் வெடிப்பதுண்டு. காரணம் பெரும்பாலும் திருகாணியே. 2 மீற்றர் நீளமான ஏ.பி.எஸ். கவசம், வெப்பம் 30 பாகை உயரும்போது ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளும். இறுக முடுக்கிய திருகாணி அந்நீட்சிக்கு இடந்தராது. ஆதலால் துளையைச் சற்றே பெரிதாக்கி, அகன்ற வளையமிட்டு, அளவோடு முடுக்குதல் வேண்டும். வெயிலில் பல்லாண்டு நின்ற பிளாஸ்டிக் நொய்ந்துவிடுமாதலின், வர்ணப் பூச்சும் நிழலும் அதற்குக் காப்பாகும்.

வெடிப்பை மூடுவது பாதி வேலை; வெடிக்கச் செய்த காரணத்தை நீக்குவதே மறுபாதி.