எடைக்குப் போடும் முன் எழுத்தைப் பாருங்கள்!

தாத்தா காலத்து டீசல் இன்ஜினில் ஒரு போல்ட்டின் மரை தேய்ந்துவிட்டால், கடையில் வாங்கும் புது போல்ட் பல நேரம் சேர்வதில்லை. பார்வைக்கு ஒரே அளவுதான். இரண்டு சுற்று போனதும் இறுகிக்கொள்ளும். விடாமல் முறுக்கினால் இன்ஜினில் உள்ள மரையும் கெட்டுவிடும்.

காரணம் மரைக் கணக்கு. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841-ல் மரைக்குப் பொது அளவு வகுத்தார். அதன் கோணம் 55 டிகிரி. அரை இன்ச் போல்ட்டில் ஒரு இன்ச் நீளத்துக்கு 12 மரை. பின்னால் வந்த அமெரிக்க முறையில் கோணம் 60 டிகிரி. அதே அரை இன்ச்சுக்கு 13 மரை. ஸ்கேலை வைத்து எண்ணினாலே தெரிந்துவிடும். இந்தியாவில் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956-ல். அதற்கு முன்பும், பின்பு சில காலமும் வந்த பிரிட்டிஷ் வடிவமைப்பு இன்ஜின்களில் பெரும்பாலும் விட்வொர்த் மரைதான்.

அந்த மரையை வெட்டும் டேப், டை, கைப்பிடிகள் பழைய பட்டறைகளில்தான் கிடக்கின்றன. சென்னை கிண்டியில் 1958-ல் தொழிற்பேட்டை வந்தது. நகரின் நடுவில் உள்ள புதுப்பேட்டை, பழைய வண்டி உதிரிபாகங்களுக்குப் பேர்போன இடம். பட்டறை ஒன்று மூடினால் அதன் கருவிகள் காயலான் கடைக்கு எடைக்குப் போய்விடும். இவற்றைத் தேடிச் சேர்ப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. பழைய இன்ஜின் வைத்திருக்கும் விவசாயிக்கோ, அதுவே பழுதுபார்க்கும் வழி.

வாங்கும்போது டேப்பின் கழுத்தில் பொறித்த எழுத்தைப் பாருங்கள். ‘பி.எஸ்.டபிள்யூ.’ என்றிருந்தால் விட்வொர்த். ‘எம்’ என்று தொடங்கினால் மெட்ரிக். ‘பி.எஸ்.பி.’ என்பது பைப் மரை. ஜி.ஐ. பைப்புக்கு இன்றும் அதே 55 டிகிரிதான். அரை இன்ச் பைப்புக்கு 14 மரை, ஒரு இன்ச்சுக்கு 11. அதனால் பல் தேயாத பழைய பைப் டை இன்றும் வேலை செய்யும்.

துருவுக்கு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். அரம் போடக் கூடாது. நெருப்பில் காட்டினால் பதம் இறங்கிவிடும். மரை வெட்டும்போது எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பினால் பிசிறு உடைந்து விழும்; டேப் முறியாது.

பரணில் கிடக்கும் பழைய கருவிப் பெட்டியை இரும்பு விலைக்குக் கொடுக்கும் முன், ஒருமுறை துடைத்து அந்த எழுத்தைப் படித்துவிடுங்கள்.