எஞ்சின் இல்லாத ரயிலுக்கு எண்ணெய் போடுகிறவர்கள்

வேல்ஸின் வடமேற்கு மூலையில், ஃபெஸ்டினியோக் ரயில் பாதையில் விழாக் காலங்களில் ஒரு விநோதமான சரக்கு ரயில் ஓடுகிறது. முன்னால் எஞ்சின் கிடையாது, பின்னாலும் கிடையாது. பிரேக்கைத் தளர்த்தினால் போதும், கற்பலகைப் பெட்டிகள் கடகடவென்று மலைச்சரிவில் இறங்கிவிடும்.

பாதை திறந்தது 1836-இல். பிளைனை ஃபெஸ்டினியோக் ஊரில் வெட்டியெடுத்த கூரைக் கற்பலகைகளை, சுமார் 21 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் போர்த்மடோக் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போட்டது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே வெறும் 597 மில்லிமீட்டர். சுமை போவதெல்லாம் இறக்கத்தில். குதிரைகளுக்கு வேலை காலிப் பெட்டிகளை மேலே இழுப்பது மட்டுமே. கீழே வரும்போது அவற்றுக்கென்றே தனிப் பெட்டி உண்டு, வைக்கோலைத் தின்றுகொண்டே சவாரி வரலாம். 1863-இல் நீராவி எஞ்சின் வந்தது. அப்போதும் கற்பலகை பழையபடி தானாகவேதான் இறங்கியது. சும்மா கிடைக்கிற விசையை எந்த முதலாளி விடுவார்?

1946-இல் பாதை மூடப்பட்டது. ஆனால் அதை அமைக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் கைவிடுவதற்கு வழியே வைக்கவில்லை. அதனால் தண்டவாளங்கள் பழைய இரும்புக்குப் போகாமல் புதருக்குள் கிடந்தன. 1954-இல் ரயில் ஆர்வலர் ஆலன் பெக்ளர் பாதையின் கம்பெனியைத் தன் பொறுப்பில் எடுத்தார். புதர் வெட்டத் தன்னார்வலர்கள் திரண்டார்கள். மறு ஆண்டே பயணிகள் ரயில் ஓடியது.

இன்று அந்தப் பழைய பெட்டிகளை விழாவுக்குத் தயார் செய்வதும் தன்னார்வலர்கள்தான். வேலை பார்ப்பதற்குச் சின்னது, உள்ளே இறங்கினால் வம்பு. சக்கரங்கள் தடையில்லாமல் உருள வேண்டும். ஓர் அச்சு எண்ணெயின்றி இறுகினாலும் வண்டி தளர்ந்துவிடும், இழுத்துவிட எஞ்சின் இல்லை. அதே சக்கரங்கள் சொன்ன இடத்தில் நிற்கவும் வேண்டும். எல்லாப் பெட்டியிலும் பிரேக் இல்லாததால், இருக்கிற பிரேக்குகள் மற்றவற்றின் பாரத்தையும் தாங்கியாக வேண்டும். ஆகவே நெம்புகோலை அழுத்தி, பிரேக் கட்டை சக்கரத்தில் முழுதாகப் படிகிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள். கொக்கியையும் சங்கிலியையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறார்கள். உளுத்த மரச்சட்டத்தை மாற்றுகிறார்கள்.

ஓடும்போது பிரேக்காரர்கள் பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்து வருவார்கள். மழை பெய்தால் அவர்கள் பாடு திண்டாட்டம்: அதிகம் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு ஈரத் தண்டவாளத்தில் வழுக்கும், குறைவாக அழுத்தினால் வேகம் பிடிக்கும். வேல்ஸிலோ மழைக்குப் பஞ்சமே இல்லை.

இறங்கி முடிந்த பெட்டிகள் மறுபடி மேலே போக எஞ்சின் வந்துதான் ஆக வேண்டும். குதிரைகள்தான் இப்போது இல்லையே.