ஆபிரிக்கா தந்த குளத்து மீன்

மாரியில் கடல் கொந்தளித்துக் கல்முனைத் தோணிகள் கரையேறிவிட்டால் கறிக்கு மீன் ஏது? மேற்கே நோக்குங்கள். கல்லோயாவை மறித்து இங்கினியாகலையில் எழுந்த சேனநாயக்க சமுத்திரமும் அம்பாறைக் குளங்களும் திலாப்பியாவைத் தருகின்றன. தென்கிழக்கு ஆபிரிக்க ஆறுகளுக்குரிய இம்மீன் 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. பாரை மீனின் சுவை இதற்கில்லை என்பார் கடற்கரையார். அது வேறு வழக்கு! தாய்மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாப்பதால், குஞ்சு விடாத குளத்திலும் இது தானே பெருகும்.

ஆயினும் 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கு அளித்த ஆதரவை நிறுத்திற்று. கண்காணிப்புத் தளர்ந்தது, சிறுகண் வலைகள் மிகுந்தன, பல குளங்களில் மீன் குன்றிற்று. முட்டையிடுமுன்னே பிடிபடும் மீன் எங்ஙனம் பெருகும்? 1994இல் ஆதரவு மீண்டது. வலைக்கண்ணின் அளவைக் காக்கும் பொறுப்பு இன்று குளத்து மீனவர் சங்கங்களின் கையிலும் இருக்கிறது.