ஆனந்தசிங்கும் நீலவ்னாவும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் குறுக்குத்துறையில் குளித்துவிட்டு, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்த பழைய நாவல்களோடு தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்துவிடுவேன். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் பூச்சிக்கு இரையான புத்தகங்கள் அவை. கொலை செய்தவன் யார் என்பதைப் பாட்டியிடம்தான் கேட்டறிய வேண்டும். அவளோ, "நாளைக்குச் சொல்லுதேன்" என்று முறுக்கு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

அவற்றுள் ஆரணி குப்புசாமி முதலியாரின் நாவல்களும் உண்டு. அவற்றில் வரும் துப்பறியும் ஆனந்தசிங், லண்டன் பேக்கர் தெருவில் வசித்த ஷெர்லாக் ஹோம்ஸே என்பது கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. ஏமாந்துவிட்டோமே என்று அப்போது எனக்குச் சினம் மூண்டது. இப்போது அவ்வளவு இல்லை. துப்பறியும் கதையில் வாசகர் நாடுவது முடிச்சு ஒன்றைத்தான். ஹோம்ஸுக்கு வேறு பெயர் சூட்டினாலும் முடிச்சு அவிழ்ந்துபோகாது. மேலும், அந்த முடிச்சின் ஆசையால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவள் என் பாட்டி.

இலக்கியக் கதைகளுக்கு இந்தச் சலுகை செல்லாது என்பது என் அபிப்பிராயம். பனி மூடிய ரஷ்ய கிராமத்தைச் சேரன்மாதேவி ஆக்கினால் பனியும் போய்விடும்; நெல் வயலும் வந்து சேராது. எங்கள் நெல்லையில் படித்து வளர்ந்த புதுமைப்பித்தனும், தழுவல் ஆகாது, மொழிபெயர்ப்பே வேண்டும் என்று 1930களில் 'மணிக்கொடி'யில் கடுமையாக வாதாடினார். சொன்னதோடு நில்லாமல் அயல்நாட்டுக் கதைகள் பலவற்றைத் தாமே தமிழில் தந்தார். மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' அவர் கையால் 'பிரேத மனிதன்' ஆயிற்று.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய 'பயம்', 'கொலைகாரன் கை' முதலிய சில கதைகளே பிரெஞ்சு ஆசிரியர் மாப்பஸானைத் தழுவியவை. இதை ஆராய்ந்தவர்கள் எடுத்துக்காட்டியபோது அவருடைய அன்பர்கள் பலருக்கு மனத்தாங்கல். எனக்கும் வருத்தந்தான். ஆயினும் அவருடைய வாதம் இதனால் தோற்றுவிட்டதாக நான் ஒப்பவில்லை. அவர் கதைகளே அதற்குச் சாட்சி. வாசவன்பட்டி ஏழைகளை இலங்கைத் தேயிலைத் தோட்டம் வரையில் பின்தொடர்ந்து சென்ற 'துன்பக்கேணி'யின் பக்கத்தில் 'கொலைகாரன் கை'யை வைத்துப் பாருங்கள்! ஒன்றில் நம் மண் இருக்கிறது. மற்றதில் பெயர்கள் மட்டுமே நம்முடையவை.

திருநெல்வேலிக்காரரான தொ. மு. சி. ரகுநாதன் கார்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழாக்கியபோது பெலகேயா நீலவ்னாவின் பெயரை மாற்றவில்லை. பாட்டிக்குக் கண் மங்கிய காலத்தில் அதை நான் உரக்கப் படிக்க, அவள் கேட்டாள். இரண்டாம் நாளே பெயர் தகராறு வந்தது. எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் அவள் வாயில் நுழையவில்லை. மறுநாள் காலை காபியை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏலே, நீலா மவனைப் போலீஸ்காரன் விட்டானா, இல்லையா?"